பெற்றோரை இழந்த பிள்ளைக்கு என்ன உரிமை? காப்பகம் கடைசியில்தான்

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது காப்பகம்தான். ஆனால் பிள்ளையின் உரிமையாக எழுதப்பட்டிருப்பதில் அது கடைசியாகத்தான் வருகிறது.

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்காவைத் தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டன. சொந்தக் குடும்பத்தில் வளர முடியாமல் போன பிள்ளையைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது அதன் 20ஆம் பிரிவு. தானம் செய்பவர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை அல்ல இது. வளர்ப்புக் குடும்பம், இஸ்லாமியச் சட்டத்தில் உள்ள கஃபாலா (தத்து எடுக்காமலே பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பது), தத்து, தேவைப்பட்டால் தகுந்த காப்பகம் என்று வழிகளையும் அந்தப் பிரிவே சொல்கிறது. எந்த வழியானாலும் பிள்ளையின் மொழி, மதம், பண்பாடு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, நடைமுறையில் எப்படி? அதற்காக 2009இல் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஐ.நா. ஏற்றது. சட்டம்போல் கட்டுப்படுத்தாது என்றாலும், தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று: வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது. வறுமை தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏராளமானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வைக்கவும் வயிறு நிறையப் போடவும் வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள் பலர். காப்பகத்தில் ஆகும் செலவை அந்த வீட்டுக்கே உதவியாகக் கொடுத்தால், பிள்ளை அம்மாவிடமோ பாட்டியிடமோ வளரும்.

உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்பவையும் அதில் உண்டு. இவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் குறைவு. தற்காலிகமாகச் சேர்த்த பிள்ளையின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆராய்வது நல்லது என்கிறது. அப்புறம், அமைப்பின் அரசியல், மத, பொருளாதார நோக்கத்துக்காகப் பராமரிப்பு நடக்கவே கூடாது.

நன்கொடை கொடுக்கும் முன் கேளுங்கள்: அரசிடம் முறையாகப் பதிந்த அமைப்பா? உறவினர்களைத் தேடிப் பார்த்தீர்களா? போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள்? பெயரும் கதையும் சேர்த்துப் பிள்ளையின் படத்தைக் காட்டிப் பணம் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்தரங்க உரிமை உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அது உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு.