கார்பனைக் குறைக்க முதலில் மோட்டார் ரூமைத் திறவுங்கள்

மின்சாரத் தணிக்கைக்காகப் பேரூராட்சி, ஊராட்சி அலுவலகங்களுக்குப் போனால், பெரும்பாலும் முதல் பேச்சே மொட்டைமாடி சோலார்தான். போடட்டும், நல்லதுதான். ஆனால் கரன்ட் பில்களை மேசையில் விரித்தால், அலுவலக ஃபேனும் கம்ப்யூட்டரும் இழுப்பது ஒரு மூலையில் அடங்கிவிடும். பணம் கரைவது குடிநீர் மோட்டாரிலும் தெருவிளக்கிலும். கார்பனும் அங்கேதான். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கே அதிகம் என்பதால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

ஒரு கணக்கு போடுவோம். தினமும் 1 லட்சம் லிட்டர் தண்ணீரை 60 மீட்டர் மேலே ஏற்ற, உண்மையில் தேவைப்படுவது 16 யூனிட்தான். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50 சதவீதத் திறனில் ஓடினால் 33 யூனிட் ஆகும். மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) நாலைந்து தடவை திரும்பக் கட்டி, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் தேய்ந்து 30 சதவீதத்துக்கு இறங்கிய செட் என்றால் 55 யூனிட். நாளுக்கு 22 யூனிட் வீண் என்றால் ஆண்டுக்கு 8,000 யூனிட். ஐந்தரை டன் கரியமில வாயு. அதுவும் ஒரே ஒரு போர்வெல்லில்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வால்வை அடைத்துவிட்டு, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது, எத்தனை யூனிட் ஓடியது என்று டேங்க் ஆபரேட்டரையே எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை எழுதினாலே எந்த மோட்டார் கரன்ட்டைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். தொட்டி நிரம்பி வழிவதையும் மெயின் பைப் ஒழுகுவதையும் தண்ணீர் நஷ்டமாக மட்டும் பார்க்கிறோம். அது கரன்ட் செலவழித்து ஏற்றிய தண்ணீர்.

தெருவிளக்கு பல ஊர்களில் எல்.இ.டி.க்கு மாறிவிட்டது. பட்டப்பகலில் எரிவதுதான் பாக்கி. டைமர் வைத்தால் தீர்ந்தது.

பில்லில் வராத கணக்கு குப்பைக் கிடங்கு. சோறும் காய்கறிக் கழிவும் பிளாஸ்டிக்கோடு குவிந்து காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வீட்டு வாசலிலேயே தரம்பிரித்து வாங்கி, காற்றுப்பட கிளறி உரமாக்கினால் பெருமளவு தவிர்க்கலாம். வண்டியில் இரண்டு தடுப்பு வைத்துவிட்டுக் கிடங்கில் ஒன்றாகக் கொட்டுவதில் பயன் இல்லை.

சொந்தமாக மின்சாரம் தயாரிப்பது இதற்குப் பிறகு. மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் பம்புக்காக முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனை வைத்துப் பார்த்தது. பிறகு 2006இல் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது.

அடுத்த மோட்டார் டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: விலையோடு, அந்த ஆழத்துக்கு 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பதையும் எழுதித் தர வேண்டும், பொருத்திய பிறகு அளந்து பார்த்துத்தான் பில் பாஸாகும்.