சனிக்கிழமை ராத்திரியும் திங்கட்கிழமை ஸ்குவாட்டும்

முழங்கால் வலி என்றுதான் அந்தத் தம்பி வந்தார். 26 வயது, மொபைல் கடையில் வேலை, ஒன்றரை வருடமாக விடாமல் ஜிம் போகிறவர். பரிசோதித்துப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாரை அழுத்தினால் வலிக்கிறது, பயப்படும்படி வேறொன்றும் இல்லை. செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை ஆரம்பித்தார். “வலி கூடப் பரவாயில்ல சார். எட்டு மாசமா அதே எடையிலயே நிக்கிறேன். பாடி ஏறவே மாட்டேங்குது. ஏதாச்சும் பிளட் டெஸ்ட் எடுக்கணுமா?”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, தேதி, பயிற்சி, எடை, ரெப் (எத்தனை முறை தூக்கினார்) எல்லாம் எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் சாப்பாடு: முட்டை 6, சிக்கன் 200 கிராம், வே புரோட்டீன் 1 ஸ்கூப். இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் 14 வருட பிசியோதெரபி அனுபவத்தில் நோயாளியே ஆதாரத்தோடு வருவது அபூர்வம்.

வாரத்தில் மூன்று நாள் முழு உடம்புக்கும் பயிற்சி. திங்கள், புதன் காலை ஆறு மணிக்கு. சனிக்கிழமை மட்டும் சாயங்காலம். ஸ்குவாட், அதாவது தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சியின் வரிசையை மட்டும் விரலால் தடவிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். புதன்கிழமை 80 கிலோ, 7 ரெப். சனிக்கிழமை 80 கிலோ, 8 ரெப். திங்கட்கிழமை 80 கிலோ, 5 ரெப். அடுத்த வாரமும் 7, 8, 5. அதற்கடுத்த வாரம் 7, 8, 4. ஒவ்வொரு திங்களும் கீழே விழுந்து, புதனில் எழுந்து, சனியில் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. எட்டு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது.

“சனிக்கிழமை ஜிம் முடிச்சிட்டு எங்க போவீங்க தம்பி?”

கொஞ்சம் தயங்கினார். “பசங்களோட உக்காருவோம் சார். ஒரு குவார்ட்டர். ஆள் கூடுனா ஆஃப் கூட ஆகும். ஆனா வீக் எண்டு மட்டும்தான்.”

முட்டையைக்கூட எண்ணி எழுதியிருந்த நோட்டில் குவார்ட்டருக்குக் கட்டமே இல்லை. என்னிடம் வரும் பல இளைஞர்கள் இப்படித்தான். புரோட்டீன் எத்தனை கிராம், கிரியேட்டின் எப்போது போடலாம், கார்டியோ முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். குடியைப் பற்றி நானாகக் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள். அது பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத தனி விஷயம் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். “நான் பீர் மட்டும்தான்” என்பவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு பாட்டில் குடித்தால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும். கல்லீரல் சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் வெளியேற்றும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும், குளித்தாலும் இந்த வேகம் கூடாது. ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவரின் ரத்தத்தில் விடியற்காலை வரை ஆல்கஹால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த ராத்திரியில்தான் தசை வளர வேண்டியிருக்கிறது. எடை தூக்கும்போது தசை இழைகளுக்கு வேலை கொடுக்கிறோம், அவற்றில் நுண்ணிய சேதமும் உண்டாகிறது. அதைச் சரிசெய்து முன்பைவிடத் தடிமனாகக் கட்டும் வேலை அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் நடக்கிறது. நாம் சாப்பிட்ட புரதம் அமினோ அமிலமாக மாறித் தசைக்குப் போய்ச் சேரும். செல்லுக்குள் எம்டார் என்ற புரதம் முடுக்கிவிட்டால்தான் அது புதுத் தசையாகும். ஆல்கஹால் இந்த முடுக்கத்தையே மந்தமாக்குகிறது. வாசலில் செங்கல் வந்து இறங்கியிருக்கிறது, கொத்தனார் வரவில்லை என்றால் சுவர் எழும்புமா?

“புரோட்டீன் ஷேக் குடிச்சிட்டுத்தானே சார் போறேன்” என்று அந்தத் தம்பியும் கேட்டார். இதற்கு நேரடியான பதில் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வில் இருக்கிறது. 2014-இல் வெளியானது. உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 8 ஆண்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். ஒருமுறை பயிற்சிக்குப் பிறகு வே புரோட்டீன் மட்டும் கொடுத்தார்கள், இன்னொருமுறை அதே புரோட்டீனோடு ஆல்கஹாலும், மற்றொருமுறை புரோட்டீன் இல்லாமல் மாவுச்சத்தும் ஆல்கஹாலும். பிறகு தொடையிலிருந்து துளித் தசை எடுத்துப் பார்த்தபோது, புரோட்டீன் மட்டும் எடுத்ததோடு ஒப்பிட்டால், புரோட்டீனோடு குடித்தபோது தசைக் கட்டுமானம் 24 சதவீதம் குறைந்திருந்தது. புரோட்டீன் இல்லாமல் குடித்தபோது 37 சதவீதம். ஷேக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது, முழுதாகக் காப்பாற்றவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளுக்கு 105 கிராம் வரும். அதிகமாகத் தெரிகிறதா? நம் ஊர் ஆஃப் பாட்டிலில் 120 கிராமுக்கு மேல் இருக்கிறது.

எட்டே பேர், அதுவும் இளைஞர்கள், அதுவும் ஒரு வேளைக் குடி. இதை வைத்து எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தம்பியின் திங்கட்கிழமையைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு ஆய்வும் உதவியது. 2010-இல் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. 11 ஆண்களைத் தொடைத் தசை துவண்டு போகும்வரை பயிற்சி செய்யவைத்து, ஒருமுறை வெறும் ஆரஞ்சு ஜூஸும், இன்னொருமுறை வேறு காலுக்குப் பயிற்சி கொடுத்து ஜூஸில் வோட்காவும் கொடுத்தார்கள். அளவு, கிலோவுக்கு ஒரு கிராம். 36 மணி நேரம் கழித்துத் தொடையின் வலுவை அளந்தார்கள். பாரத்தைத் தாங்கி இறக்கும் வலு, ஜூஸ் குடித்தபோது 19 சதவீதம் குறைந்திருந்தது. வோட்கா குடித்தபோது 34 சதவீதம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எத்தனை மணி நேரம் என்று அவரையே எண்ணச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். முப்பத்தாறு. நோட்டைத் திரும்ப வாங்கி, அந்தத் திங்கள் வரிசைகளை அவரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய முழங்கால் வலிக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். தேறாத தொடையோடு திங்கட்கிழமை அதே 80 கிலோவைத் தூக்கினால், தசை தாங்க வேண்டிய பாரம் தசைநாரில்தான் போய் இறங்கும்.

அடுத்தது தூக்கம். “குடிச்சாத்தான் சார் அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வருது” என்று சொல்லாதவர்கள் இல்லை. சீக்கிரம் தூக்கம் வருவது வாஸ்தவம். ஆனால் ஆல்கஹால் இறங்க இறங்க, ராத்திரியின் பின்பாதி துண்டு துண்டாகிவிடும். மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பு வரும், மறுபடி படுத்தால் அரைத் தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கிற வளர்ச்சி ஹார்மோனும் அன்று குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் ஹார்மோனை ஆல்கஹால் அமுக்கிவிடுவதால் நாலு முறை எழுந்து போக வேண்டியிருக்கும். மதுரை வெயிலில் சாயங்காலம் ஜிம்மில் ஏற்கெனவே வியர்வையாக ஒரு லிட்டர் போயிருக்கும். ஞாயிறு விடியலில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது என்று போன் செய்பவர்களிடம், முந்தின ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பேன்.

“பீர் அடிச்சா பாடி ஏறும்” என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஒல்லியான பையன்களுக்குப் பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏறுவது தொப்பை. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4தான். ஒரு குவார்ட்டரில் 420 கலோரிக்கு மேல், ஏழெட்டு இட்லி சாப்பிட்ட மாதிரி. ஆனால் அதில் தசைக்குப் பயன்படுகிற ஒரு கிராம் புரதம்கூட இல்லை. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது என்பதால் அதை முதலில் எரித்துத் தீர்க்கவே உடம்பு பார்க்கும். அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை பின்னுக்குப் போய்விடும். கூடவே சாப்பிட்ட சிக்கன் 65, பரோட்டா, சால்னா எல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி ரீல்ஸில் நிறைய பயமுறுத்துகிறார்கள். ஒரு கிளாஸ் பீரில் ஆண்மை ஹார்மோன் அழிந்துபோகும் என்பதெல்லாம் மிகை. அதிக அளவில், தொடர்ந்து குடிக்கும்போது அது குறைகிறது என்பது நிஜம். இதேபோல, மேலே சொன்ன நியூசிலாந்துக் குழுவே பாதி அளவை, அதாவது கிலோவுக்கு அரை கிராம் கொடுத்துப் பார்த்தபோது வலுவில் கூடுதல் இழப்பு தெரியவில்லை. 70 கிலோ ஆளுக்கு அது ஒரு கட்டிங்கைவிட, அதாவது அரைக் குவார்ட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, மறைத்தால் மீதி நான் சொல்வதையும் நம்ப மாட்டீர்கள். ஆனால் ஒரு கட்டிங்கோடு எழுந்து வீட்டுக்குப் போகிறவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். தசையை விட்டுவிட்டு மொத்த உடல்நலம் என்று பார்த்தால், பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என்னை அதிகம் பயமுறுத்துவது ஞாயிற்றுக்கிழமைக் காலை மாத்திரைதான். உடம்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வருகிறார்கள். குடித்த வயிற்றில் டைக்ளோஃபெனாக் இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கலாம். வழக்கமாகக் குடிப்பவரின் கல்லீரலுக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் ஆபத்து. இதோடு ஜிம்மில் கைமாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தால் கல்லீரல் மூன்று பக்கமும் அடி வாங்குகிறது. தயவுசெய்து இந்தக் கூட்டணி வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், 38 வயதுக்காரர் ஒருவர் தொடை இடுக்கில் வலி என்று வந்தார். லெக் பிரஸ் செய்தபோது சதை பிடித்துக்கொண்டது என்று மூன்று மாதமாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். படுக்கவைத்து இடுப்பை உள்பக்கம் திருப்பினேன், பாதிகூடத் திரும்பவில்லை. சதைப்பிடிப்பில் அப்படி இருக்காது. எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில் தெரிந்தது: தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துக்கொண்டிருந்தது. தினமும் அதிகமாகக் குடிப்பது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அவர் பத்து வருடமாகத் தினமும் குடிப்பவர். குடிப்பவராக இருந்து, இடுக்கில் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? நிறுத்திவிடுவதுதான் நல்லது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உடனே முடியாது என்பவர்களிடம், எடை தூக்கிய நாளிலும் அதற்கு மறுநாளும் மட்டுமாவது தொடாமல் இருங்கள், ஒரு மாதம் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரம் மூன்று நாள் பயிற்சி செய்பவருக்கு அதன் பிறகு குடிக்க மிஞ்சும் நாள் மிகக் குறைவு, அதையும் சொல்லிவிடுவேன். அடிபட்டோ சுளுக்கியோ வந்தால் மூன்று நாளைக்குக் கண்டிப்பாகக் கூடாது, வீக்கம் கூடும். தினமும் குடிப்பவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி சொல்வேன்: நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தம்பி மூன்று மாதம் கழித்து வந்தார். முழங்கால் வலி பெரும்பாலும் போய்விட்டது. பயிற்சியை மாற்றியதும் அதற்குக் காரணம், குடியை விட்டது மட்டும் என்று சொல்ல மாட்டேன். நோட்டைக் காட்டினார். ஸ்குவாட் 90 கிலோவுக்குப் போயிருந்தது, திங்கள், புதன், சனி மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசையில். நடுவில் ஒரே ஒரு திங்கள் மட்டும் 4 ரெப்பில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலில் அவரே எழுதியிருந்தார்: “சனி – பிரண்டு கல்யாணம், ஒரு குவார்ட்டர்.”