குறுக்குத் தீவு ரயில் வந்தால் நம் வழக்கமான ரயிலும் பஸ்ஸும் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸிலிருந்து அங் மோ கியோவுக்கு இன்று எம்ஆர்டியில் போகிறவர், பச்சைத் தடத்தில் (கிழக்கு-மேற்குப் பாதை) பாய லேபார் வரை வந்து, வட்டப் பாதைக்கு மாறி, பீஷானில் இறங்கி, சிவப்புத் தடத்தில் (வடக்கு-தெற்குப் பாதை) ஏறி ஒரே ஒரு நிலையம் போக வேண்டும். அந்த ஒரு நிலையத்துக்காகப் படியேறி இறங்குவதுதான் எரிச்சல். தீவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க வரப்போகும் குறுக்குத் தீவு ரயில் பாதை (Cross Island Line) ஓட ஆரம்பித்தால் எங்கும் மாற வேண்டாம், ஆறாவது நிறுத்தம் அங் மோ கியோ.

இந்தப் பாதையை 2013இல் அறிவித்தார்கள். மொத்த நீளம் 50 கிலோமீட்டருக்கு மேல், முழுக்க நிலத்தடியில். முதல் கட்டம் ஏவியேஷன் பார்க்கிலிருந்து பிரைட் ஹில் வரை, 29 கிலோமீட்டர், 12 நிலையங்கள். 2030இல் திறப்பதாகத் திட்டம். அங்கிருந்து ஜூரோங் ஏரி வட்டாரம் வரையிலான இரண்டாம் கட்டமும் பொங்கோல் கிளையும் 2032இல்.

மேக்ரிட்சி காட்டுப் பகுதியில்தான் நிறைய விவாதம் நடந்தது. காட்டைச் சுற்றிப் போனால் கூடுதலாக 2 பில்லியன் வெள்ளி செலவாகும், பயணமும் ஆறு நிமிடம் நீளும் என்று கணக்குச் சொன்ன அரசாங்கம், 2019 டிசம்பரில் நேர்வழியையே தேர்ந்தெடுத்தது. காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் போகும்.

வீட்டுக்கடியில் ரயில் போனால் என்ன உரிமை என்று தனியார் வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. 2015இல் சட்டத்தைத் தெளிவாக்கிவிட்டார்கள். பத்திரத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், சிங்கப்பூர் உயர அளவுக்கோட்டுக்கு (ஏறக்குறையச் சராசரிக் கடல் மட்டம்) 30 மீட்டர் கீழ் வரைதான் நில உரிமையாளருடையது. அதற்கும் கீழே அரசாங்கத்துடையது. அதற்கு மேலே உள்ள இடம் தேவைப்பட்டால் இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க முடியும்.

சரி, இப்போது ஓடும் ரயில்களுக்கு வருவோம். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் இன்று பெரும்பாலும் பச்சைத் தடத்தையே நம்பியிருக்கிறார்கள்; நகர மையத்தில் வேலையே இல்லாதவர்களும் அந்த நெரிசலுக்குள் புகுந்துதான் வெளியே வருகிறார்கள். புதிய பாதை மையத்தைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போவதால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி குறையும். ஊதாத் தடத்துக்காரர்களுக்கு (வடகிழக்குப் பாதை) ஹவ்காங்கில் ஒரு மாற்றுவழி கிடைக்கும்.

ஆனால் 2030க்கும் 2032க்கும் நடுவே ஒரு சிக்கல் இருக்கிறது. பாதை பிரைட் ஹில்லோடு நின்றுவிடுவதால், ஹவ்காங்கில் ஏறி கிளமெண்டிக்குப் போகிறவர் பிரைட் ஹில்லில் பழுப்புத் தடத்துக்கு (தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை) மாறி, இரண்டு நிலையம் தாண்டி கால்டிகாட்டில் வட்டப் பாதையைப் பிடித்து, புவன விஸ்தாவில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். அதற்கு இப்போதைய வழியே தேவலாம். அப்படியும் இந்த வழியில் வருகிறவர்களால் அந்த இரண்டு வருடம் பிரைட் ஹில்லிலும் கால்டிகாட்டிலும் கூட்டம் கூடும் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் பஸ். ரயிலைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை, ஆனால் வயதானவர்களை அதிகம் பாதிப்பது இதுதான். பழுப்புத் தடம் வந்தபின் ஆள் குறைந்துவிட்டது என்று, செம்பவாங்கிலிருந்து புக்கிட் மேராவுக்கு ஓடும் 167ஆம் எண் பஸ்ஸை 2023 டிசம்பரில் நிறுத்தப் போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மக்கள் எதிர்த்த பிறகு, அரை மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விட்டுவைத்தார்கள். வீட்டுக்குக் கீழே ஏறி, மாறாமல், உட்கார்ந்தபடியே போகிற வசதியை ரயில் ஈடுகட்டாது என்பதே அன்று பலர் சொன்ன குறை.

ஹவ்காங், அங் மோ கியோ பக்கம் புதிய பாதையை ஒட்டி ஓடும் பஸ்களுக்கும் இதே கணக்குப் போடுவார்கள். உங்கள் பஸ் அப்படிப்பட்டதென்றால், மாற்றம் பற்றிய அறிவிப்பு வந்தவுடனே ஆணையத்துக்கும் தொகுதி எம்பிக்கும் எழுதிவிடுங்கள். 167 தப்பித்தது, நிறுத்துவதற்கு முன்பே ஆட்கள் பேசியதால்தான்.