வைட்லேண்ட்ஸில் நிலக் கணக்கு: ஸ்கிரிப்ட் பிழை காட்டாது, விடை தப்பாக வரும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு லுவா மொழி பழக வைட்லேண்ட்ஸ் நல்ல களம். ஊர் கட்டி, சாலை போட்டு, நிலம் பிடிக்கும் ஆட்டம். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. வரைபடத்தை ஒரு கோப்புறையாகச் சேமித்து, அதற்குள் ஸ்கிரிப்டிங் கோப்புறையில் இனிட் (init.lua) கோப்பை வைத்தால் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்.

எழுதிப் பார்க்க முதலில் தோன்றுவது, யார் கையில் எத்தனை சதவீத நிலம் என்று காட்டும் பலகைதான். பத்து பதினைந்து வரி போதும். சிக்கலும் அங்கேதான்: ஸ்கிரிப்ட் தடங்கலின்றி ஓடும், எண்ணும் வரும், ஆனால் தப்பான எண்.

வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓனர் (owner) என்றொரு பண்பு உண்டு. நிலம் இப்போது யாருடையது என்பதை அது சொல்லும். யாருக்கும் சொந்தமில்லை என்றால் ‘nil’, அதாவது ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு வரும். அதைச் சோதிக்காமல் ஓனரின் பெயரைக் கேட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே விழும். இந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். கிளெய்மர்ஸ் (claimers) என்ற இன்னொரு பண்பு, அந்தப் புள்ளியில் படைச்செல்வாக்கு உள்ள எல்லாரையும் செல்வாக்கின் வரிசையில் தரும். முதல் பெயர்தான் உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வது பெரும்பிழை. எதிரிகள் சூழ்ந்துகொண்ட காவல் கட்டடத்தில் செல்வாக்கு எதிரிக்கு அதிகமாக இருக்கலாம். கட்டடம் நிற்கும் நிலமோ அதன் உடையவருக்கே. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை; சுற்றியிருப்பது யாருடைய எல்லை என்பதை வைத்து நடுவில் இருப்பதைத் தீர்மானிக்க முடியாது. எல்லைக்கணக்குக்கு ஓனர், எங்கே சண்டை மூளும் என்று பார்க்கக் கிளெய்மர்ஸ்.

அடுத்தது வகுக்கும் எண். 128-க்கு 128 வரைபடத்தில் 16,384 புள்ளிகள். குளச்சல் முதல் ஆரல்வாய்மொழி வரை நம் மாவட்டத்தையே வரைந்தால் தெற்கும் மேற்கும் கடல். கடலுக்கு 6,000 புள்ளி போனதாக வையுங்கள், மிச்சம் 10,384. ஒருவர் 5,500 பிடித்திருந்தால் மொத்தத்தில் அது 33.6 சதவீதம், பிடிக்கக்கூடிய நிலத்திலோ 53 சதவீதம். ‘டெரிட்டோரியல் லார்ட்’ முறையில் பாதிக்கு மேல் நிலத்தை 20 நிமிடம் காத்தவரே வெற்றியாளர். ஆகவே ஒரு கணக்கில் அவர் ஜெயிக்கப்போகிறார், மற்றதில் பக்கத்தில்கூட வரவில்லை. பிடிக்கத்தக்க புள்ளிகளை ஆட்டத் தொடக்கத்தில் ஒரே தடவை பட்டியலாக எடுத்து, பிறகு அந்தப் பட்டியலை மட்டும் எண்ணுங்கள். மலையைக் கடலோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம். வீடு கட்ட முடியாத இடத்திலும் சுரங்கம் வரும்.

பட்டியலைச் சேமிக்கலாம். உரிமையைச் சேமிக்கக் கூடாது. பழைய ஓனரை மாறியில் வைத்திருந்தால், கட்டடம் இடிந்து நிலம் கைமாறியதை ஸ்கிரிப்ட் அறியாது. காவல் கட்டடம் கட்டி முடிந்ததுமே நிலம் வந்துவிட்டதாக எண்ணுவதும் தப்பு. முதல் வீரன் உள்ளே போன பிறகுதான் எல்லை விரியும்.

ஆய எண்கள் 0-வில் தொடங்கும், லுவா பட்டியல்கள் 1-ல் தொடங்கும். எண்ணும் வளையத்தை (லூப்) 0 முதல் அகலம் கழித்தல் ஒன்று வரை ஓட்டுங்கள்.

திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருக்கும் வளையத்துக்குள் ஸ்லீப் (sleep) என்ற இடைநிறுத்தக் கட்டளை இல்லையென்றால் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். ஸ்லீப்புக்குக் கொடுப்பது மில்லிவினாடி. 30 என்று எழுதிவிட்டு அரை நிமிடம் என்று நம்பாதீர்கள், 30,000 வேண்டும். 512-க்கு 512 வரைபடத்தில் 2,62,144 புள்ளிகள். அதை வினாடிதோறும் முழுக்கச் சுற்றினால் பழைய மடிக்கணினி திணறும்.

பலர் சேர்ந்து ஆடும்போது எல்லாக் கணினியிலும் ஒரே ஆட்டம் ஒரே மாதிரி ஓடியாக வேண்டும். லுவா பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் பேர்ஸ் (pairs) கொண்டு ஓட்டினால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. அதை நம்பி முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட் ஆட்டங்களைப் பிரித்துவிடும். எண் வரிசைப் பட்டியலும், அதை 1, 2, 3 என்று வரிசையாக எடுக்கும் ஐபேர்ஸும் (ipairs) போதும். இன்னொன்று, காணாத இடத்தை ஆட்டக்காரரிடமிருந்து மறைக்கும் மூடுபனி ஓனர் பண்புக்குக் கிடையாது. ஆட்டக்காரர் காணாத எல்லையையும் ஸ்கிரிப்ட் காணும். அந்த எண்ணை அப்படியே திரையில் போட்டால் எதிரியை ஒற்றுப் பார்க்க நீங்களே வழி செய்ததாகும்.

உலாவியில் ஆடும் நகர ஆட்டங்களுக்கு ‘எல்லைத் தகவல் எடுக்கும் ஸ்கிரிப்ட்’ என்று கைமாறி வருபவை வேறு கதை. உங்கள் உள்நுழைவோடு ஓடும் ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கில் எதையும் செய்யலாம். வரி வரியாகப் படித்துப் புரியாததை நிறுவாதீர்கள். விதிமுறை தடுத்திருந்தால் கணக்கும் முடங்கும்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி ஆரம் ஆர் என்றால் உள்ளே அடங்கும் புள்ளிகள் 3 பெருக்கல் ஆர் பெருக்கல் (ஆர் கூட்டல் 1), அதோடு 1. தலைமையகத்தின் ஆரம் 9, ஆக 271. திறந்த வரைபடத்தில் ஒரே ஆட்டக்காரரை வைத்துத் தொடங்கி, கடலையும் சேர்த்து எல்லாப் புள்ளிகளின் ஓனரையும் எண்ணுங்கள். 271 வராவிட்டால் முதலில் வளையத்தின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் பாருங்கள்.