பனி நான்கு முறைதான் பரவியதா?

நிலவியல் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போது, பனியுகத்தில் குன்ஸ், மின்டெல், ரிஸ், வூர்ம் என நான்கு முறை மட்டுமே பனி பரவியது என்ற வரியை இன்றும் காண்கிறேன். ஆல்ப்ஸ் அடிவார ஆறுகளின் சரளைப் படிமேடைகளை அளந்து, ஆல்பிரெக்ட் பெங்க், எட்வார்ட் புரூக்னர் ஆகிய இருவரும் 1909-இல் முடித்த அரிய ஆய்வில் அந்தப் பெயர்கள் உள்ளன. அவர்களுடைய களப்பணியில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கை காலாவதியாகிவிட்டது.

புதிதாகப் பரவும் பனி, முந்தைய பனி விட்டுச்சென்ற களிமண்ணையும் பாறைத் துண்டுகளையும் சுரண்டி அள்ளிச் சென்றுவிடுகிறது. ஆகவே நிலத்தில் தொடக்ககாலப் பனிப் பரவல்களைத் தேடுவது, பலமுறை உழுத வயலில் முதல் உழவுச் சாலின் தடத்தைத் தேடுவதற்கு ஒப்பாகும். அமெரிக்காவின் நடுச் சமவெளியில், பனிப் படிவுகளின் வயதைக் கணிக்க அடையாளமாகக் கொண்ட எரிமலைச் சாம்பல் ஒரே வெடிப்பில் வந்தது என நெடுங்காலம் நம்பினார்கள். அது உண்மையில் சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யெல்லோஸ்டோன் எரிமலைப் பகுதியில் நிகழ்ந்த மூன்று வெவ்வேறு வெடிப்புகளின் சாம்பல் எனத் தெரியவந்தபின், அங்கு நிகழ்ந்த பனிப் பரவல்களுக்கு இட்டிருந்த நெப்ராஸ்கன், கான்சன் என்ற பழைய பிரிவுகளையே கைவிட வேண்டியதாயிற்று.

அழியாத பதிவு ஆழ்கடல் சேற்றில் இருக்கிறது. எடை குறைந்த ஆக்சிஜன்-16 கொண்ட நீர் எளிதில் ஆவியாகி, பனியாக நிலத்தில் தங்கிவிடும்போது, கடலில் எடை கூடிய ஆக்சிஜன்-18-இன் விகிதம் கூடுகிறது. போராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அந்த மாற்றத்தை அடுக்கடுக்காகக் காத்து வைத்திருக்கின்றன. அந்த மாற்றங்களை எண்ணினால், கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது குளிர்க்கட்டங்கள் தெரிகின்றன. தொடக்ககாலக் கட்டங்கள், புவி அச்சின் சாய்வு மாறும் தாளத்தையொட்டி, சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போயின. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுச் சுழற்சி பிற்காலத்தில்தான் நிலைபெற்றது.

கடற்பதிவின்படி தொடக்ககாலப் பனியின் மொத்த அளவு குறைவு. ஆயினும் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், சுமார் 24 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனி கொண்டுவந்து சேர்த்த களிமண் கிடைத்திருக்கிறது. அடியில் புதைந்த பழைய மண்ணிலுள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய, வெவ்வேறு வேகத்தில் சிதையும் கதிரியக்க அணுக்களின் விகிதத்தைக் கொண்டு அந்த வயதைக் கணித்தனர். அளவில் குறைந்த பனி அத்தனை தெற்கே எவ்வாறு எட்டியது? அன்று பாறையை மூடியிருந்த மென்மையான மண்ணின்மீது பனி வழுக்கி, மெல்லியதாகவும் அகலமாகவும் பரந்தது என்னும் விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. அந்த மண்ணைப் பின்வந்த பனிகள் சுரண்டி நீக்கியபின், கடினப் பாறைமேல் நின்ற பனி எளிதில் வழுக்காமல் தடித்து உயர்ந்தது.

பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: 2009 வரை, பனியுகத்தை உள்ளடக்கிய பிளைஸ்டோசீன் என்னும் காலப்பகுதியின் தொடக்கம் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எனக் கொள்ளப்பட்டது, அந்த ஆண்டில்தான் அது 25.8 லட்சத்துக்கு மாற்றப்பட்டது. எனவே மிசோரிக் களிமண் போன்ற படிவுகளை அந்நூல்களின் கால எல்லைப்படி வகைப்படுத்தினால், அவை அதற்கு முந்தைய காலப்பகுதியான பிளியோசீனில் போய் விழும்.