ஃபோனோகிராஃப் வேற, கிராமபோன் வேற: ஒலிவரைவின்னா என்ன?

பித்தளைக் குழல் வச்ச பழைய பாட்டுப்பெட்டி எதைப் பார்த்தாலும் நாம கிராமபோன்னுதான் சொல்றோம், அமெரிக்காக்காரங்க அதே பெட்டிய ஃபோனோகிராஃப்னு சொல்வாங்க, சரி ரெண்டும் ஒண்ணுதான் போலன்னு நாமளும் விட்டுடுறோம். ஆனா பழைய மெஷின் தேடித்தேடி சேக்குறவங்ககிட்ட இத சொன்னா ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு இது ரெண்டும் வேற வேற மெஷின், உள்ள இருக்குற வேலைப்பாடு வேற, அது மேல ஓடுறதும் வேற. இதுல ஃபோனோகிராஃபுக்கு தமிழ்ல நான் சொல்ற பேருதான் ஒலிவரைவி.

ஃபோன்னா கிரேக்கத்துல ஒலி, குரல். கிராஃப்னா எழுதுறது. 1877-ல நியூ ஜெர்சி மென்லோ பார்க்ல தாமஸ் எடிசன் செஞ்சது பாட்டு கேக்குற பெட்டியே இல்லீங்க, பேச்ச எழுதி வைக்கிற மெஷின். ஒரு உருளை மேல மெல்லிய வெள்ளீயத் தாள சுத்தி, கையால சுத்திக்கிட்டே வாய்க்குழாய்ல பேசினா சவ்வு அதிரும், அதுல இருக்குற ஊசி தாள்ல மேடும் பள்ளமுமா அழுத்திக்கிட்டே போகும், அப்புறம் அதே தடத்துல ஊசிய ஓட்டினா பேசினது திரும்பக் கேக்கும். அதனாலதான் பேர்லயே எழுதுறதுன்னு இருக்கு.

அப்புறம் நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சிசெஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெய்ன்டரும் வெள்ளீயத்துக்கு பதிலா மெழுகுல பதிஞ்சு 1886-ல காப்புரிமை வாங்கினாங்க, பேரு கிராஃபோஃபோன், அதாவது எடிசன் வச்ச பேரையே முன்னபின்ன மாத்திட்டாங்க. 1887-ல எமில் பெர்லினர் உருளையவே விட்டுட்டு தட்டைத் தட்டுக்கு வந்தாரு, அவர் வச்ச பேரு கிராமபோன், கிராமான்னா எழுத்து. நம்ம கிராமத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆக ஒரே ரெண்டு துண்டுச் சொல்ல வச்சு மூணு கம்பெனி மூணு பேர் பண்ணிருக்காங்க.

உண்மையான வித்தியாசம் எங்கன்னா, எடிசன் உருளை மெஷின்ல ஊசி மேலயும் கீழயும் ஏறி இறங்கும், பெர்லினர் தட்டுல பக்கவாட்டுல ஆடும். அதைவிட முக்கியம், உருளை மெஷின்ல வீட்லயே பதியலாம், காலி மெழுகுருளை வாங்கி பதிவு செய்யுற ஊசித்தலைய மெஷின்ல மாட்டிப் பேசுவாங்க, வேணாம்னா மெழுக சீவிட்டு மறுபடி பதிவாங்க. கிராமபோன் வாசிக்க மட்டும்தான் செய்யும். மெட்ராஸ் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன் 1900-களோட ஆரம்பத்துல நம்ம பக்கத்து மக்களோட பாட்ட ஊர் ஊரா போய் பதிய ஃபோனோகிராஃப் வச்சிருந்தாருன்னா காரணம் இதுதான், கிராமபோன தூக்கிட்டுப் போயிருந்தா ஒரு பாட்டையும் பதிஞ்சிருக்க முடியாது.

அப்புறம் ஏன் குழப்பம்? இங்கிலாந்துல 1910-ல கோர்ட்டே கிராமபோன்ங்கறது பொதுப்பேரு, ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லன்னு சொல்லிடுச்சு, அந்தப் பேச்சுதான் நமக்கும் வந்துச்சு. அமெரிக்காவுல ஃபோனோகிராஃப்தான் பொதுப்பேரா நின்னுச்சு, எடிசன் 1912-ல தட்டு மெஷின் வித்தப்பவும் அதே பேருலதான் வித்தாரு. நாய் மார்க் ரிகார்டுல குழல் முன்னாடி உக்காந்திருக்கே ஒரு நாய், அந்தப் படத்துலயும் இதே கதைதான். ஃபிரான்சிஸ் பராட் முதல்ல வரைஞ்சது உருளை ஃபோனோகிராஃப், கிராமபோன் கம்பெனி வாங்கினப்ப 1899-ல அது மேலயே கிராமபோன வரைஞ்சு மூடிட்டாரு.

ஃபோனோகிராஃப தமிழ்ல ஒலிவரைவின்னு சொல்றதுதான் சரியா இருக்கும்னு நான் உறுதியா நினைக்கிறேன். வரைதல்னா நமக்கு எழுதுறதும் தீட்டுறதும் ரெண்டுமே, மெஷின் செய்யுற வேலையும் அதேதான். ஒலிப்பதிவுக் கருவின்னா டேப் ரிகார்டர், செல்போன் எல்லாமே அதுக்குள்ள வந்துடும். கிராமபோனுக்கு இசைத்தட்டுப் பெட்டி போதும், இலங்கை வானொலி கேட்டு வளந்தவங்களுக்கு இசைத்தட்டு புதுச்சொல்லே இல்ல. உருளைக்கு மெழுகுருளை.

அபூர்வ மெஷின்ல சிலத இந்த ரெண்டுல எதுல சேக்குறதுன்னு சட்டுனு சொல்ல முடியாது. 1890-ல எடிசன் கம்பெனி விட்ட பேசும் பொம்மைய எடுத்துக்குங்க, பீங்கான் தலை, உலோக உடம்பு, உடம்புக்குள்ள வளையம் மாதிரி சின்ன மெழுகு ரிகார்டு, முதுகுல கைப்பிடி. அப்ப நகல் எடுக்க வழியில்லாததால தொழிற்சாலையில பொண்ணுங்க உக்காந்து ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியா பாட்ட சொல்லிப் பதிஞ்சாங்க. மெழுகு சீக்கிரம் தேஞ்சு உடைஞ்சு, சில வாரத்துலயே கடையிலேர்ந்து எடுத்துட்டாங்க. அதனாலதான் இன்னிக்கு ஒண்ணு கிடைச்சா அவ்வளவு மதிப்பு, மிஞ்சின ரிகார்டுங்கள ஊசி படாம கேமரா ஸ்கேன் பண்ணித்தான் குரல எடுத்திருக்காங்க. கறாரா பார்த்தா அது வாசிக்க மட்டுந்தான் செய்யும், ஆனாலும் உருளை வம்சம்ங்கறதால ஒலிவரைவின்னே நான் சேத்துக்குவேன். 1903-ல ஜெர்மனி ஸ்டோல்வெர்க் கம்பெனி சாக்லேட்லயே ரிகார்டு செஞ்சு கூட ஒரு தகரப் பொம்மை மெஷினும் வித்தாங்க, கேட்டுட்டு தின்னுடலாம், அது தட்டு வகை.

வாங்குறவங்களுக்கும் இந்தச் சொல் உதவும். பளபளன்னு பித்தளைக் குழல், புது மரப்பெட்டி, மேல நாய் ஸ்டிக்கர், பேரு மட்டும் ஆன்டிக் ஃபோனோகிராஃப்னு போட்டு நம்ம நாட்டுலயே செஞ்சு உலகம் பூரா விக்கிறாங்க, உள்ள இருக்குறது பெரும்பாலும் ஏதாவது பழைய சூட்கேஸ் கிராமபோன்லேர்ந்து கழட்டின மோட்டார். உருளை மாட்டுற தண்டு இருக்கான்னு முதல்ல பாருங்க. மெழுகுருளையே கைக்கு வந்தா வெளிப்பக்கம் தொடாதீங்க, ரெண்டு விரல நடு ஓட்டைக்குள்ள விட்டு லேசா விரிச்சு தூக்குங்க, கை ஈரம் பட்டா அதுல பூஞ்சை பிடிச்சுடும்.