கோடைத் தண்ணீரில் சாகும் படர் சியானோதஸ்

கலிஃபோர்னியாவில் புல்தரையை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது படர்ந்து வளரும் சியானோதஸைத்தான். நம் இலந்தையின் குடும்பம். ஆண்டு முழுக்கப் பச்சை. மார்ச், ஏப்ரலில் இலை தெரியாத அளவுக்கு நீலமாகப் பூக்கும், தேனீக்கள் மொய்க்கும். நட்ட இரண்டு மூன்று கோடைக்குள் கருகிவிட்டது என்ற புகாரும் இதே செடியைப் பற்றித்தான் அடிக்கடி வருகிறது. அப்படிக் கருகிய செடியின் அடியைத் தோண்டினால் மண் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும்.

இந்தச் செடிகளின் சொந்த ஊர் மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும் கடற்கரைச் சரிவுகள். கோடையில் மண் காய்ந்து கிடப்பது அவற்றுக்குப் பழக்கம். சூடான மண்ணில் ஈரமும் சேர்ந்தால் ஃபைட்டாப்தரா என்ற வேரழுகல் கிருமி பெருகும். அதன் வித்துகள் மண்ணிலுள்ள நீரில் நீந்தி வேரைப் பிடிக்கும். வேர் அழுகியதும் செடியால் நீர் உறிஞ்ச முடியாது, இலை வாடும். தண்ணீர் போதவில்லை என்று வீட்டுக்காரர் இன்னும் ஊற்றுவார். அத்தோடு முடிந்தது.

வாடிய செடியைக் கண்டால் குழாயைத் திறக்காதீர்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் வெண்மையுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. காப்பி நிறத்தில் ஊறிப்போயிருந்தால் காப்பாற்ற வழியில்லை.

நடுவதற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். குழி தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் தொட்டியின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாகவே. வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள். குழிக்குள் உரமோ கம்போஸ்டோ வேண்டாம். ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இதன் வேர் முடிச்சுகளில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. மரச்சில்லு மூடாக்கு 2 அல்லது 3 அங்குலம் போடலாம், தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது.

முதல் கோடையில் வேர்க்கட்டி காய்வதைப் பார்த்து ஆழமாக ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு கடற்கரை ஊர்களில் தேவையே இருக்காது. உள்நாட்டு வெக்கையில் மாதம் ஒருமுறை, குளிர்ந்த நாளின் காலையில், தண்டிலிருந்து தள்ளித் தண்ணீர் விட்டால் போதும். புல்தரையும் சியானோதஸும் ஒரே பாசன வால்வில் இருக்கவே கூடாது. தோட்டம் போடும்போது பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

வகையைப் பார்த்து வாங்குங்கள். மான்டரே கடற்கரையிலிருந்து வந்த 'யாங்கீ பாயிண்ட்' இரண்டு மூன்று அடி உயரமும் எட்டுப் பத்து அடி அகலமும் ஆகும். ஒரு கேலன் தொட்டியில் குட்டியாகத் தெரிவதை நம்பி மூன்றடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார்கள். பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும். மென்மையான அகல இலை என்பதால் மானுக்கும் பிடிக்கும். மான் வரும் தெருவென்றால் முள்விளிம்புள்ள தடித்த இலைகொண்ட 'ஆங்கர் பே' நல்லது, உயரமும் ஓரிரு அடிதான். உள்நாட்டு வெயிலுக்கு 'வேலி வயலெட்' (Valley Violet) இன்னும் தாக்குப்பிடிக்கும்.

கவாத்து பூ முடிந்ததும், மழையில்லாத நாளில், பச்சை நுனிகளில் மட்டும். விரல் தடிமனைத் தாண்டிய பழைய கிளையை வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. நடைபாதையை ஒட்டி நேராகச் சீவினால் பழுப்புக் குச்சிச் சுவர்தான் மிஞ்சும். ஆகவே பாதையிலிருந்து நான்கைந்து அடி உள்ளே தள்ளி நடுங்கள்.

அழுகிச் செத்த இடத்தில் உடனே இன்னொரு சியானோதஸ் வைக்க வேண்டாம். கிருமி மண்ணில் பல வருடம் தங்கும். அங்கே கோடை ஈரத்தைத் தாங்கும் வேறு செடி வையுங்கள், தோண்டிய மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்த குழிக்குப் போங்கள்.